கோஸ் புழுவுக்கு பி.டி. ஏன் கேட்கவில்லை: மரபணு என்ன சொல்கிறது, வயலில் என்ன செய்யலாம்

கேள்வி இது: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஏக்கரில் முட்டைக்கோஸும் காலிஃபிளவரும். வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு பி.டி. பவுடர் (பாக்டீரியாவிலிருந்து செய்த புழு மருந்து) இரண்டு வருடம் நன்றாகக் கேட்டது. இந்த முறை ஒரே வாரத்தில் இரண்டு தடவை அடித்தும் புழு அடங்கவில்லை. மருந்து போலியா, புழு பழகிவிட்டதா? அளவைக் கூட்டி அடிக்கலாமா? டி.கல்லுப்பட்டியில் மச்சான் போட்ட பி.டி. பருத்தியிலும் காய்க்குள் இளஞ்சிவப்புப் புழு. இரண்டும் ஒரே கோளாறா?

கடைசிக் கேள்விக்குச் சுருக்கமான பதில்: வேர் ஒன்று, கிளை வேறு. மற்றவற்றை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் "கூட்டி அடிக்கலாமா" என்பதற்கான விடை புழுவின் மரபணுவுக்குள் இருக்கிறது.

எந்தப் புழுவும் தன் ஆயுளுக்குள் பி.டி.க்குப் பழகிக்கொள்வதில்லை. பிழைத்து நிற்கும் புழு முட்டையிலிருந்து வரும்போதே சாகாத குடலோடு வந்தது. அந்தக் குடலை அதன் தாயும் தகப்பனும் கொடுத்தார்கள். ஆகவே இன்று நீங்கள் பார்ப்பது போன தலைமுறை அந்துப்பூச்சிகளில் எவை தப்பின என்பதன் கணக்கு.

பி.டி. என்கிற பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் ஒரு மண் பாக்டீரியா. ஸ்போர் என்கிற நுண்வித்து கட்டும் நேரத்தில் தனக்குள் ஒரு புரதப் படிகத்தையும் கட்டி வைக்கும். பொட்டலத்துக்குள் வேலைக்காரன் பெரும்பாலும் அந்தப் படிகம்தான். இலையோடு சேர்த்துத் தின்ற புழுவின் நடுக்குடலில் படிகம் கரைகிறது. அந்துப்பூச்சிப் புழுக்களின் நடுக்குடல் கடுமையான காரம், பி.எச். 9க்கு மேல். கரைந்த புரதத்தின் எடை சுமார் 130 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). குடல் நொதிகள் அதை வெட்டி 60, 65 ஆக்குகின்றன. வெட்டுப்பட்ட அந்தத் துண்டுதான் நஞ்சு. அது குடல் செல்லின் மேல்தோலில் உள்ள சில புரதங்களைக் கைப்பிடியாகப் பற்றி, சவ்வில் ஓட்டை போடுகிறது. செல் ஊதி வெடிக்கிறது. ஓரிரு மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்தும், இரண்டு மூன்று நாளில் தொய்ந்து கறுத்துச் சாகும்.

இந்தக் கைப்பிடிகளைத்தான் ஏற்பிகள் என்கிறோம். கேட்ஹெரின், அமினோபெப்டிடேஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ், ஏ.பி.சி.சி.2 ஆகியவை முக்கியமானவை. இவை நஞ்சுக்காகப் படைக்கப்பட்டவை இல்லை. புழுவுக்குச் சொந்த வேலை இருக்கிறது. ஏ.பி.சி.சி.2 செல்லுக்குள்ளிருந்து வேண்டாததை வெளியே தள்ளும் பம்பு மாதிரி. அந்த மரபணுவில் ஓரிடம் பழுதானால் பம்பு சரியாக உருவாகாது, கூடவே நஞ்சுக்குப் பிடியும் போய்விடும். ஹவாய் வழி வந்த எதிர்ப்புள்ள வைரமுதுகுப் பூச்சியில், இந்த மரபணுவில் வெறும் 30 டி.என்.ஏ. எழுத்து காணாமல் போயிருந்ததை 2011இல் கண்டுபிடித்தார்கள். 30 எழுத்துக்கு 10 அமினோ அமிலம். அவ்வளவு சின்ன வெட்டுக்குத்தான் இத்தனை பெரிய விளைவு. வயலில் பி.டி. தெளிப்புக்கு எதிர்ப்பு வந்ததாக முதன்முதலில் 1990இல் பதிவானதும் இதே பூச்சியில், இதே ஹவாயில். அதற்கு முன் 1985இல் தானியக் கிடங்கு அந்துப்பூச்சி ஒன்றில் வந்திருந்தது.

வேறு வழிகளும் உண்டு. வெட்டும் நொதி குறைந்துபோனால் நஞ்சு தயாராகாது. தானிய அந்துப்பூச்சியில் அதைப் பார்த்திருக்கிறார்கள். சீனாவின் வைரமுதுகுப் பூச்சியில் இன்னும் தந்திரமான ஒன்று: ஏற்பி மரபணுக்கள் எதுவும் உடையவில்லை, அவற்றுக்குக் கட்டளை போகும் சமிக்ஞைப் பாதை ஓங்கியதால் பல ஏற்பிகளின் உற்பத்தி ஒரே நேரத்தில் குறைந்துவிட்டது. ஆனால் களத்தில் பெரிய எதிர்ப்பு என்று வந்தவற்றில் அதிகமானவை ஏற்பிப் பழுதுதான்.

இனி கணக்கு. ஒவ்வொரு புழுவிடமும் இந்த மரபணு இரண்டு நகல், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒரு நகல் பழுது, மற்றது சரி என்றால் பாதி ஏற்பியாவது உருவாகும். நஞ்சுக்கு அது போதும். அதனால் முழு அளவில் நன்றாக நனைத்து அடித்த இலையைத் தின்றால் ஒற்றைப் பழுதுப் புழுவும் சாகும். இரண்டு நகலும் பழுதானவை மட்டும் தப்பும். மரபியலில் இதை ஒடுங்கு பண்பு என்பார்கள்.

10 லட்சம் புழு இருக்கும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் நகலில் ஒன்று பழுது என்று வைப்போம். அப்படியானால் இரட்டைப் பழுதுப் புழு 10 லட்சத்தில் ஒன்றே ஒன்று. ஒற்றைப் பழுதுப் புழு ஏறத்தாழ 2,000. சரியாக அடித்தால் அந்த ஒன்று மட்டும் மிஞ்சும். அது பூச்சியாகி, மருந்து படாத பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த சாதாரணப் பூச்சியோடு கூடினால் பிள்ளைகள் எல்லாம் ஒற்றைப் பழுது. அடுத்த முழு அளவுத் தெளிப்பில் அவையும் போய்விடும்.

அதே வயலில் அரை அளவு அடித்ததாக வையுங்கள். பழுதில்லாதவை செத்தன, ஒற்றைப் பழுதில் பாதி தப்பியது. கையில் இப்போது 1,000 பூச்சி. அவை தங்களுக்குள்ளேயே கூடினால் அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்று இரட்டைப் பழுது. 10 லட்சத்தில் ஒன்றாக இருந்தது ஒரே தலைமுறையில் நாலில் ஒன்று. நிஜ வயலில் வெளிப் பூச்சி வந்து கலப்பதால் இவ்வளவு வேகம் இருக்காது, ஆனால் திசை இதுதான். இன்னொன்று: ஆயிரத்தில் ஒன்று என்பது நல்லெண்ணக் கணக்கு. 1997இல் வந்த ஆய்வில், பி.டி.க்கு நன்றாகச் சாகிற ஒரு வைரமுதுகுக் கூட்டத்திலேயே 21 சதவீதம் ஒற்றைப் பழுதாக இருந்தது. அந்த ஒரே மரபணு கிரை1ஏஏ, கிரை1ஏபி, கிரை1ஏசி, கிரை1எஃப் என்று பெயரிட்ட நான்கு பி.டி. நஞ்சுப் புரதங்களுக்கும் எதிர்ப்புக் கொடுத்தது. அந்த அளவு இருந்தால் 10 லட்சத்தில் இரட்டைப் பழுது 14,000க்கு மேல்.

ஆகவே "கூட்டி அடிக்கலாமா" என்பதற்கு விடை: இரட்டைப் பழுதுப் புழுவுக்கு இரண்டு மடங்கும் ஒன்றுதான், ஐந்து மடங்கும் ஒன்றுதான். இவ்வகைப் பழுதில் எதிர்ப்பு ஐநூறு மடங்குக்கும் மேல் போகும். காசுதான் கரையும். குறைத்து அடிப்பதோ ஒற்றைப் பழுதுக்குக் கொடுக்கும் விருந்து. லேபிளில் போட்ட அளவை அப்படியே அடிப்பதுதான் சரி.

தெளிப்பு மருந்தில் ஒரு பிறவிக் குறை வேறு இருக்கிறது. நீங்கள் முழு அளவு அடித்தாலும் வெயில் அதை அரை அளவாக்கிவிடும். புற ஊதாக் கதிரில் படிகம் சீக்கிரம் சிதையும்; சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நாளில் வீரியம் பெருமளவு போய்விடும். தேய்ந்துகொண்டே போகும்போது, பழுதில்லாதவை மட்டும் செத்து ஒற்றைப் பழுது பிழைக்கிற ஒரு கட்டத்தை அது கடந்தே தீரும். நாலு நாளுக்கு ஒரு தரம் அடிப்பவர் அந்தக் கட்டத்தைத் திரும்பத் திரும்ப உருவாக்குகிறார். கோஸில் இலை கவிந்த உட்பக்கமும் அடிப்பக்கமும் சரியாக நனையாததும் அதே விளைவைத் தரும்.

ஆனாலும் உங்கள் வயலில் நடந்தது எதிர்ப்புதான் என்று இன்னும் முடிவு கட்ட வேண்டாம். "பி.டி. கேட்கவில்லை" என்று வரும் புகாரில் கணிசமானவை தெளிப்புக் கோளாறு. புழு பெரிதான பிறகு அடிப்பது முதல் காரணம்: கடைசிப் பருவப் புழு குறைவாகத் தின்று கூட்டுப்புழுவாகத் தயாராகிவிடும். அடுத்தது தண்ணீர். போர் தண்ணீரின் பி.எச். 8க்கு மேல் இருந்தால் டேங்கிலேயே படிகம் கரையத் தொடங்கும், புழுவின் குடலில் நடக்க வேண்டியது உங்கள் டேங்கில் நடந்துவிடும். பி.எச். தாள் மலிவாகக் கிடைக்கிறது, ஒரு முறை பார்த்துவிடுங்கள். கலக்கியதை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. கோஸ் இலையில் மெழுகு உண்டு. ஒட்டுத்திரவம் லிட்டருக்கு அரை மில்லி சேர்க்காவிட்டால் உருண்டு ஓடிவிடும். பகல் பதினோரு மணிக்கு அடித்துவிட்டு மருந்தைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை, மாலை நாலரைக்கு மேல் அடியுங்கள். தகரக் கூரைக் கடையில் கோடை முழுக்கக் கிடந்த பொட்டலமும் சந்தேகத்துக்குரியதே. தயாரிப்புத் தேதி, பதிவு எண் இரண்டையும் பாருங்கள்.

மருந்தா புழுவா என்று பிரித்துப் பார்க்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மருந்தே படாத கோஸ் இலைகளை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டுங்கள். மூன்று பாத்திரம்: வெறும் தண்ணீர், லிட்டருக்கு 2 கிராம் (கோஸுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு, உங்கள் லேபிளில் வேறு இருந்தால் அதுவே), லிட்டருக்கு 10 கிராம். மூன்றிலும் ஒட்டுத்திரவம் ஒரே அளவு. ஒவ்வொரு இலையையும் 10 விநாடி முக்கி, நிழலில் ஒரு மணி நேரம் காய வையுங்கள். வயலில் பல இடங்களிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளப் புழுவாகப் பொறுக்குங்கள். ஒரே செடியில் எடுத்தால் அண்ணன் தம்பிகளாகவே வந்துசேரும், கணக்குப் பிசகும். டப்பாவுக்கு 10 புழு, ஒவ்வொரு அளவுக்கும் 4 டப்பா. மூடியில் ஊசித் துளை, அடியில் ஈரக் காகிதம். வெயில் படாத இடத்தில் வைத்து 72 மணி நேரத்தில் எண்ணுங்கள். குச்சியால் தொட்டும் நகராதது செத்த கணக்கு. வெறும் தண்ணீர் டப்பாவில் 40க்கு 4க்கு மேல் செத்திருந்தால் சோதனையே செல்லாது, இலையிலோ கையாண்டதிலோ தவறு.

எண்ணிக்கை வரும் முன்பே முதல் இரவு முடிந்ததும் ஒரு தடயம் கிடைக்கும். மருந்து கேட்கிற புழுவின் இலையில் ஒன்றிரண்டு சுரண்டல், அதோடு நின்றிருக்கும். எச்சம் புதிதாக விழுந்திருக்காது, புழு ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். எதிர்ப்புள்ளதோ மேல்தோலை விட்டுவிட்டுக் கண்ணாடி ஜன்னல் மாதிரி இலையைச் சுரண்டிக்கொண்டே போயிருக்கும், காகிதத்தில் பச்சை மணிமணியாக ஈர எச்சம். 10 கிராம் இலையிலும் அதே காட்சி என்றால் ஏற்பிப் பழுதைச் சந்தேகிக்கலாம்.

இப்போது மருந்தின் முறை. வேலியோரம் ஆமணக்கு இருக்கும். அதில் வளைந்து வளைந்து நடக்கும் காவடிப்புழு பி.டி.க்கு எளிதில் சாகும். அதே பொட்டலத்தை ஆமணக்கு இலையில் அதே முறையில் சோதியுங்கள். காவடிப்புழு செத்து, கோஸ் புழு பிழைத்தால் பவுடர் நல்லது, கோளாறு புழுவில். இரண்டும் பிழைத்தால் கடைக்காரரிடம் பேச வேண்டியதுதான். (பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால் எச்சரிக்கை: பட்டுப்புழுவும் அந்துப்பூச்சிப் புழுதான், காற்றில் போகும் சாரல் அதையும் கொல்லும்.)

பருத்திக்கு வருகிறேன். அங்கே பி.டி.யைத் தெளிப்பதில்லை, நஞ்சின் மரபணுவே செடிக்குள் இருக்கிறது. 2002இல் இந்தியாவில் அனுமதித்த ரகங்களில் கிரை1ஏசி மட்டும். 2006இல் வந்த போல்கார்டு 2இல் கிரை2ஏபியும் சேர்ந்தது. இரண்டும் வேறு வேறு ஏற்பிகளைப் பிடிப்பவை என்பதால் ஒன்றுக்குத் தப்பியது மற்றதில் சாகும் என்பது கணக்கு. ஆனால் அதற்குள் இளஞ்சிவப்புப் புழுவில் கிரை1ஏசிக்கு எதிர்ப்பு முளைத்துவிட்டது. குஜராத்தில் அது 2010இல் வெளியே தெரிந்தது. இரண்டு காவலரில் ஒருவர் ஏற்கெனவே தூங்கியாயிற்று. மிச்சமிருந்த கிரை2ஏபியையும் அடுத்த சில ஆண்டுகளில் புழு தாண்டியது. அங்கே பழுதாவது ஏ.பி.சி.ஏ.2 என்ற வேறொரு மரபணு.

இந்திய இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் கேட்ஹெரின் மரபணுவை 2014இல் ஆராய்ந்தபோது ஒரு பழுதல்ல, எட்டு விதப் புதுப் பழுதுகள் கிடைத்தன. மரபணுவின் செய்தியை வெட்டி ஒட்டிப் பிரதி எடுக்கும்போது நேர்ந்த பிசகால் 19 வகை செய்திப் பிரதிகள். அதாவது எங்கோ ஒரு புழுவில் தோன்றி ஊரெல்லாம் பரவிய ஒற்றைக் கோளாறு இல்லை, பல இடங்களில் தனித்தனியாகவே உடைந்திருக்கிறது. எங்கே உடைந்தாலும் பலன் ஒன்றுதான் என்பதால் இயற்கைக்கு இது சுலபம்.

நம் ஊரில் இது வேகமானதற்குக் காரணங்கள் தெளிவு. பருத்தியின் இன்னொரு எதிரியான பச்சைக் காய்ப்புழு துவரை, தக்காளி, மக்காச்சோளம் என்று எதையும் தின்னும். அந்த வயல்களில் பழுதில்லாத பூச்சி பெருகி வந்து கலந்துகொண்டே இருக்கும். இளஞ்சிவப்புப் புழுவுக்கோ நடைமுறையில் பருத்தியை விட்டால் கதியில்லை. அதற்குப் புகலிடமாக, 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதைப் பொட்டலம் கொடுத்தார்கள், ஓரத்தில் நடச் சொல்லி. எத்தனை பேர் நட்டார்கள் என்று டி.கல்லுப்பட்டி, பேரையூர் கரிசலில் கேட்டுப் பாருங்கள். வரப்பில் வீசியவர்கள்தான் அதிகம்.

இன்னொரு காரணம் அதிகம் பேசப்படாதது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. நம் பி.டி. பருத்தி கலப்பின ரகம். செடியில் நஞ்சு மரபணு ஒரு நகல்தான். ஆகவே காய்க்குள் இருக்கும் விதைகளில் மெண்டல் கணக்குப்படி பிரிவு நடக்கும்: இரண்டு மரபணுவும் தனித்தனியே பிரிந்தால் 16 விதையில் 9க்கு இரண்டு நஞ்சும், 3க்கு ஒன்று மட்டும், 3க்கு மற்றது மட்டும், ஒன்றுக்கு எதுவுமே இல்லை. இளஞ்சிவப்புப் புழு தின்பதே விதையைத்தான். ஒரு காய்க்குள்ளேயே முழு அளவு, அரை அளவு, நஞ்சில்லாதது எல்லாம் அதற்குப் பந்தி. மேலே சொன்ன ஒற்றைப் பழுதுக்கான விருந்து செடியே போடுகிறது.

அமெரிக்காவின் அரிசோனாவில் இதே புழு, இதே நஞ்சு. அங்கே புகலிடப் பருத்தியை ஒழுங்காக நட்டார்கள், 2006 முதல் மலட்டுப் பூச்சிகளையும் விட்டார்கள். 2018இல் புழுவே அந்நாட்டுப் பருத்தியில் ஒழிந்ததாக அறிவித்தார்கள். மச்சானுக்கு இப்போது உதவுவது: ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி, பொறிக்கு இரவில் 8 பூச்சி வீதம் தொடர்ந்து மூன்று நாள் விழுந்தால் நடவடிக்கை. இதழ் விரியாமல் ரோஜா மொட்டுப் போல மூடியிருக்கும் பூவைப் பறித்து அழிக்க வேண்டும். 20 பச்சைக் காயை உடைத்துப் பார்த்து இரண்டில் புழு இருந்தால் மருந்து. எல்லாவற்றுக்கும் மேல், கடைசிப் பறிப்புக்குப் பின் "இன்னும் ரெண்டு கிலோ வரும்" என்று பருத்தி மாரை (பறித்து முடிந்த செடியை) போட்டு வைக்காமல் பிடுங்கிவிடுவது. புழு அந்தக் காய்களில்தான் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும்.

உங்கள் கோஸுக்குத் திரும்பினால், சோதனையில் எதிர்ப்பு என்று தெரிந்தால் இந்தப் பயிரில் பி.டி.யை நிறுத்துங்கள். நம் வெப்பத்தில் வைரமுதுகுப் பூச்சிக்கு ஒரு தலைமுறை இரண்டு மூன்று வாரம். அடுத்த மூன்று வாரத்துக்கு வேறு வழியில் கொல்லும் ஒரே ஒரு மருந்துக் குடும்பம், அதற்கடுத்த மூன்று வாரத்துக்கு இன்னொன்று. ஸ்பைனோசாட் பாக்டீரியாவிலிருந்து வந்ததுதான், ஆனால் அது நரம்பு ஏற்பியைத் தாக்குவது என்பதால் பி.டி. எதிர்ப்பு அதற்குத் தடையில்லை. அதற்கென்று தனியாக எதிர்ப்பு வரும், வந்தும் இருக்கிறது. அதையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். பி.டி.யிலேயே குர்ஸ்டாக்கி வகைக்குப் பதில் ஐசவாய் வகை கிடைத்தால் முயலலாம். அதிலுள்ள கிரை1சி வேறு ஏற்பியைப் பிடிப்பது, ஏ.பி.சி.சி.2 பழுது அதனிடமிருந்து புழுவைப் பெரிதாகக் காப்பாற்றாது.

25 வரிசை கோஸுக்கு 2 வரிசை கடுகு, ஒன்று நடவுக்கு 15 நாள் முன்னும் மற்றது நட்ட 25ஆம் நாளும் விதைப்பது பழைய பரிந்துரை, இன்றும் நல்லது. பூச்சி முட்டையைக் கடுகில் கொட்டும். அந்தக் கடுகில் மட்டும் பி.டி. அடிக்காதீர்கள். சமவெளியில் கொட்டீசியா ஒட்டுண்ணிக் குளவி ஹெக்டேருக்கு 20,000 விடச் சொல்வார்கள். குளவிக்குப் புழுவின் ஏற்பி உடைந்ததா இல்லையா என்ற வேறுபாடு கிடையாது, இரண்டையும் ஒரே மாதிரி தீர்க்கும்.

பி.டி.க்கு மறுபடி எப்போது திரும்பலாம்? உடைந்த பம்போடு வாழ்வது பல நேரம் புழுவுக்கு நஷ்டம். மருந்து இல்லாத இடத்தில் பழுதில்லாதது முந்தும். ஹவாய் வழிப் பூச்சியில் தெளிப்பை நிறுத்தியபின் தலைமுறைகள் போகப் போக எதிர்ப்பு இறங்கி, நஞ்சு ஏற்பியைப் பிடிப்பதும் திரும்பியதை 1994இல் காட்டினார்கள். சீனாவின் சமிக்ஞைப் பாதை வகையில் அப்படி நஷ்டம் வெளிப்படையாக இல்லை, அங்கே காத்திருந்து பயனும் குறைவு. அதனால் நாள் குறிக்காமல், அடுத்த பட்டத்தில் மேலே சொன்ன டப்பா சோதனையைத் திரும்பச் செய்து, 2 கிராமில் 40க்கு 36ஆவது சாகிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

உறுதிப்படுத்த ஒத்தக்கடை விவசாயக் கல்லூரியின் பூச்சியியல் துறையைக் கேட்கலாம். உயிர்ப் புழுவாக 100க்குக் குறையாமல், கோஸ் இலையோடு, காற்றுத் துளையிட்ட டப்பாவில், காலையிலேயே கொண்டுபோங்கள். பஸ்ஸில் ஜன்னல் வெயிலில் வைத்தால் போய்ச் சேருமுன் செத்திருக்கும். மரபணுச் சோதனைக்கென்று தனியாக 20 புழுவை 95 சதவீத எத்தனாலில் போட்டு, எந்த வயல், எந்தத் தேதி, கடைசியாக எந்த மருந்து எப்போது அடித்தது என்று பென்சிலில் எழுதிய காகிதத்தைக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். சோதனையில் "தெரிந்த பழுது எதுவும் இல்லை" என்று வந்தாலும் டப்பாவில் புழு பிழைத்திருந்தால் டப்பாவை நம்புங்கள், ஏனென்றால் அந்தச் சோதனை ஏற்கெனவே அறிந்த பழுதுகளை மட்டுமே தேடும்.